மண்ணை அறிய ஒரு மானியம்

மூடப்பட்ட தொழிற்சாலையோ பெட்ரோல் நிலையமோ இருந்த இடத்தில் நச்சு தங்கியிருக்கலாம் என்ற ஐயத்தால் எவரும் வாங்கத் தயங்கும் நிலம், அமெரிக்காவில் ‘பிரவுன்ஃபீல்டு’ எனப்படுகிறது. இத்தகைய மனைகள் அங்கு 4,50,000-க்கும் மேல் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. 1980-ஆம் ஆண்டின் ‘சூப்பர்ஃபண்டு’ சட்டம், மாசுபடுத்தியவரோடு நிலத்தின் இன்றைய உரிமையாளரையும் தூய்மைப்படுத்தும் செலவுக்குப் பொறுப்பாக்கியதால், மாசு உண்மையில் உண்டா என்று அறியுமுன்னரே முதலீட்டாளர்கள் விலகினர். பாதிக்கப்பட்டவர்களோ பெரும்பாலும் அருகில் வாழ்ந்த ஏழை மக்கள். 1990-களில் தொடங்கி 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உறுதிபெற்ற மதிப்பீட்டு மானியம், உள்ளாட்சிகளுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளப் பணம் தருகிறது.

முதற்கட்டத்தில் மண் தோண்டப்படுவதில்லை. பழைய வரைபடங்களையும் உரிமை ஆவணங்களையும் ஆராய்ந்து, இடத்தை நேரில் பார்வையிட்டு, முன்பு அங்கிருந்தவர்களையும் விசாரித்து, நடந்த தொழில்களை வல்லுநர்கள் கண்டறிகின்றனர். ஐயம் வலுத்தால், இரண்டாம் கட்டத்தில் மண்ணும் நிலத்தடி நீரும் ஆய்வகத்துக்குச் செல்கின்றன. ஈயம், எண்ணெய்க் கசிவு, உலோகத்தின் பிசுக்கை நீக்கும் கரைப்பான்கள் ஆகியவை அங்கே தேடப்படுகின்றன. சில மனைகளுக்குத் தூய்மைப்பணியே தேவையில்லை என்பதும் இவ்வாறுதான் தெரியவருகிறது. அந்த நிலத்தில் பூங்கா வேண்டுமா, வீடுகள் வேண்டுமா என்று அப்பகுதி மக்களைக் கேட்டுத் திட்டமிடவும் இதே மானியத்தைச் செலவிடலாம் என்பது இதன் மிகச் சிறந்த கூறு.