தறி நிற்குமிடம்

(ஆரணித் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் தலைமையகம் எங்கே நிலைகொள்ள வேண்டும் என்பதே யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள். இஃது அறிஞர் சிலருக்கு மட்டும் உரிய சிக்கல் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழாய்வின் பெயரால் பேசும் உரிமை எவர் கையில் இருப்பது என்பதே இதன் உட்பொருள்.

1964 சனவரியில் புதுதில்லியில் கீழைக்கலை அறிஞர் மாநாடு கூடியபோது, தனிநாயக அடிகளாரின் முயற்சியால் இம்மன்றம் தோன்றிற்று. பிரான்சு நாட்டு அறிஞர் பில்லியோசா தலைவரானார். அடிகளாரும் செக்கு நாட்டுக் கமில் சுவலபிலும் செயலராயினர். அடிகளார் அந்நாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1966-இல் முதல் மாநாடும் கோலாலம்பூரிலேயே நடந்தது. செயலர் இருந்த இடமே மன்றம் இருந்த இடம்! பின்னர்ச் சென்னை, பாரிசு, யாழ்ப்பாணம், மதுரை, மீண்டும் கோலாலம்பூர், மொரீசியசு, தஞ்சை என மாநாடு ஊர் ஊராய்ச் சென்றது.

மாநாடு ஊர் சுற்றுவது நன்றே. தலைமையகமும் சுற்றலாமோ? நம் ஆரணித் தறியை நோக்குங்கள். பட்டுநூல் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. நெய்த சேலை நாடெங்கும் செல்கிறது. தறி மட்டும் வீட்டுக் குழியில் அசையாது நிற்கிறது. அது நிற்பதனாலன்றோ ஆரணிப் பட்டு என்னும் பெயர் நிற்கிறது!

அடையாற்றைப் பாருங்கள். பிரமஞான சபையின் கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் பாடம் உண்டு. 1875-இல் நியூயார்க்கில் தோன்றிய அவ்வமைப்பு 1882-இல் அடையாற்றில் தனக்கென மனை வாங்கிக் குடிபுகுந்தது. 1886-இல் நூலகமும் கண்டது. பிற்காலத்தில் பிளவுகள் நேர்ந்தும் அவ்வில்லம் நிலைத்தது. நம் மன்றத்தின் நிலை என்ன? 2023-இல் பதினொன்றாம் மாநாடு என்னும் ஒரே எண்ணைச் சூடிச் சென்னையில் ஒன்றும் கோலாலம்பூரில் ஒன்றுமாக இரண்டு கூடின!

அவ்வாறாயின் தமிழகத்திலேயே அமைத்துவிடலாமே என்பீர்கள். இங்கொரு தடை உண்டு. அதை மறைப்பது அறமன்று. 1974-இல் மாநாட்டைக் கொழும்பில் நடத்த வேண்டும் என்ற நெருக்கடியை மீறி யாழ்ப்பாணத்தில் நடத்தினர். அதன் இறுதியில் சனவரி 10-ஆம் நாள் காவலர் புகுந்த கொடுமையில் தமிழர் உயிர்கள் மாய்ந்தன. அஃது அயலார் அரசு என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 1995-இல் தஞ்சை மாநாட்டுக்கு வந்த ஈழத்துப் பேராசிரியர் சிவத்தம்பி முதலானோர் இந்நாட்டிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டனர். 2010-இல் கால நெருக்கம் கருதி மன்றத் தலைவர் கராசிமா இசையாதபோது, தமிழக அரசு வேறு பெயரில் கோவையில் மாநாடு கூட்டிற்று. அன்று மன்றம் அரசின் இல்லத்தில் குடியிருந்திருப்பின், மறுத்துரைக்க இயன்றிருக்குமோ?

முதலாளி தந்த தறியில் அமர்ந்தவன் முதலாளி சொன்ன கரையைத்தான் நெய்வான். இஃது உங்களுக்கு யான் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

ஆதலின் என் முடிபு இது. தலைமையகம் சென்னையில் அமைக. கீழ்த்திசைச் சுவடி நூலகமும் உ.வே.சா. நூலகமும் அங்குள்ளன, கல்வெட்டும் கோயிலும் நிறைந்த நாடு சூழ உள்ளது. ஆயின் மூன்று கட்டுப்பாடுகள் வேண்டும். மனையும் கட்டடமும் மன்றத்தின் உடைமையாதல் வேண்டும். தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் தமிழக அரசினது, அஃது ஈடாகாது. ஆட்சிக்குழுவைப் பல நாட்டு உறுப்பினரும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். எந்நாட்டு அறிஞரையும் தடுப்பதில்லை என்று எழுத்தில் உறுதி தரும் நாட்டிலேயே மாநாடு கூட்டுதல் வேண்டும். தமிழகமும் இதற்கு விலக்கன்று.

பொருளுக்கு எங்கே போவது என்று மலைக்க வேண்டா. ஆர்வர்டு பல்கலைக்கழகத் தமிழிருக்கைக்கு உலகத் தமிழர் பொருள் குவித்ததைக் கண்டோம். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஈந்த கை, தமிழாய்வின் இல்லத்துக்கு ஈயாதோ? தறிக்குழியை நாமே தோண்டுவோம். நூல் எத்திசையிலிருந்தும் வருக. நெய்யும் உரிமை நம்மதாகுக!