முதலில் துறை, பிறகு படகு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்வாய்ப் படகையே வீடாக்கிக்கொண்டு ஆண்டு முழுவதும் அதிலேயே குடியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வீட்டு வாடகை ஏற ஏற, நாமும் ஒரு படகு வாங்கினால் என்ன என்று யோசிக்கிறவர்களும் உண்டு. அந்த யோசனை வந்ததும் கால்கள் தாமாகவே போவது, விற்பனைக்கு நிற்கும் படகுகளைப் பார்க்கத்தான். மரப்பலகை பதித்த சுவரையும் மூலையில் எரியும் சிறிய இரும்பு அடுப்பையும் கண்டதும் மனம் அதிலேயே குடியேறிவிடுகிறது. எங்கே கட்டிவைப்பது என்ற கேள்வியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். இந்த வரிசை தவறு என்பதுதான் நான் இன்று சொல்ல வருவது. படகைக் கட்டிவைக்கும் துறையை முதலில் தேட வேண்டும். படகைப் பிறகு வாங்க வேண்டும்.

இதற்கு முதல் காரணம் கால்வாயின் அளவு. 1766இல் தொடங்கிய டிரென்ட் அண்ட் மெர்சி கால்வாயில், பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி படகுகளை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளை ஏறக்குறைய 7 அடி அகலத்துக்குக் கட்டினார். அவற்றை லாக் என்பார்கள். அன்று சுமை ஏற்றிய குதிரைப் படகுகளுக்காக வகுத்த அந்த அகலம்தான் இன்றைக்கும் நேரோபோட் என்னும் ஒடுங்கிய படகை 6 அடி 10 அங்குலத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது. ரயில் பெட்டியைவிடக் குறுகலான இடத்தில் சமையல், படுக்கை, குளியல் எல்லாம் முடிய வேண்டும். அது போதாது என்று 12 அடி அகலப் படகு வாங்குகிறவர்கள் உண்டு. லண்டனை ஒட்டிய கிராண்ட் யூனியன் கால்வாயில் அது சுகமாகவே மிதக்கும். ஆனால் வேலை லீட்ஸுக்கு மாறினால், நடுவிலுள்ள ஒடுங்கிய லாக்குகளைத் தாண்டி உள்நாட்டு நீர்வழியாக அதைக் கொண்டுபோக வழியே இல்லை. கிரேன் வைத்துத் தூக்கி லாரியில்தான் ஏற்ற வேண்டும். நீளத்திலும் இதே சிக்கல். 70 அடிப் படகு மிட்லண்ட்ஸில் தாராளமாகப் போகும். வடக்கே கால்டர் அண்ட் ஹெபிள் வழியில் லாக்குகள் 57 அடி சொச்சம்தான். எந்தப் பகுதியில் வாழப்போகிறோம் என்பது தெரியாமல் எந்தப் படகு வேண்டும் என்று முடிவு செய்யவே முடியாது.

இரண்டாவது காரணம் சட்டம். ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளைக் கவனித்துக்கொள்ளும் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், உரிமம் கொடுக்கும் முன் மூன்றைக் கேட்கிறது: பாதுகாப்புச் சான்று, காப்பீடு, படகுக்கு நிலையான துறை. மூன்றாவது இல்லாதவர்களுக்கும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அவர்கள் உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும். தக்க காரணமின்றி ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஒரு சிறிய வட்டத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் போய்வருவது பயணமாகாது என்பது டிரஸ்டின் நிலை. உரிமம் புதுப்பிக்கப்படாமல் போனால், கடைசியில் படகையே நீரிலிருந்து அகற்றும் அதிகாரமும் அதற்கு உண்டு. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் குடும்பத்தை, நாள்தோறும் ஒரே மருத்துவமனைக்கு வேலைக்குப் போகும் செவிலியரை இந்த விதியோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு நகர்கிறது. பள்ளியும் மருத்துவமனையும் நகர்வதில்லை.

துறை கிடைத்தால் மட்டும் போதாது, அது எந்த வகைத் துறை என்பதும் முக்கியம். பொழுதுபோக்குத் துறையில் படகை நிறுத்தி வைக்கலாம், நிரந்தரமாகக் குடியிருக்க முடியாது. குடியிருப்புத் துறைக்கு உள்ளாட்சியின் திட்ட அனுமதி வேண்டும். அதனால்தான் அது அரிது, லண்டனில் மிக அரிது. ஆனால் அது கிடைத்தவருக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. அநேகமாகக் கரையிலிருந்து மின்சாரமும் பக்கத்திலேயே தண்ணீர்க் குழாயும் கிடைக்கின்றன. நிலத்தில் வாழும் நமக்கு இதன் அருமை எளிதில் புரியாது. பல படகுகளின் கழிப்பறைக்கு அடியில் இருப்பது சுமார் 20 லிட்டர் கொள்ளும் ஒரு பெட்டி. இரண்டு பேர் இருந்தால் சில நாளிலேயே நிறைந்துவிடும். அதை வெளியே இழுத்து, தளும்பாமல் தூக்கிக் கரையேறி, அதற்கென்று உள்ள தொட்டியில் கொட்டி, குழாயில் அலசித் திரும்பவும் கொண்டுவந்து பொருத்த வேண்டும். தொட்டி பக்கத்தில் இருந்தால் இது கால் மணி நேர வேலை. 5 மைல் தள்ளி இருந்தால், வேகவரம்பு மணிக்கு 4 மைல் என்பதால், லாக்குகளைச் சேர்க்காமலே போகவர இரண்டரை மணி நேரம். தண்ணீர் நிரப்பவும் இதே கதைதான். குளிர்காலத்தில் லாக்குகளைப் பழுதுபார்க்கக் கால்வாயைப் பகுதி பகுதியாக மூடுவார்கள். சில நாள் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறைந்துவிடும். அப்போது நின்ற இடத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கதி.

துறைக்கு வாடகை கொடுத்தால் படகு வாங்குவதன் இலாபமே போயிற்றே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இலாபம் நினைக்கிற அளவுக்குப் பெரிதல்ல. வீட்டின் விலை ஏறுவதற்குப் பெரும் காரணம் அதன் அடியிலுள்ள மண். படகின் அடியில் மண் இல்லை. எஃகு உடல் துருவுக்கு இரையாகும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரிலிருந்து ஏற்றி அடிப்பாகத்துக்குக் கரும்பூச்சு பூச வேண்டும். நிலையான துறை இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் உரிமக் கட்டணமும் கூடுதல். துறை வாடகையை மிச்சம் பிடிப்பவர் அதில் ஒரு பங்கை டீசலாகவும் போக்குவரத்துச் செலவாகவும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் நேரமாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுமைப்படகுக் குடும்பங்கள் சுமார் 10 அடி நீளமுள்ள ஒரே அறையில், நிலைத்த துறையே இல்லாமல், தலைமுறை தலைமுறையாக வாழவில்லையா என்பது அது. வாழ்ந்தார்கள், அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுடைய பிழைப்பே படகோடு நகர்ந்தது. அதற்குக் கொடுத்த விலையும் இருந்தது: நெரிசலையும் நோயையும் தடுக்கவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் 1877இலும் 1884இலும் தனிச் சட்டங்களே போட வேண்டியிருந்தது. இன்றைக்கும் ஓய்வுபெற்றவர்கள், எங்கிருந்தும் வேலை செய்யக்கூடியவர்கள், பயணத்துக்காகவே பயணத்தை விரும்புகிறவர்கள் துறை இல்லாமல் நன்றாக வாழ்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் வழி இருப்பதே அவர்களுக்காகத்தான், அது அவர்களுக்கு எப்போதும் திறந்திருக்க வேண்டும். வாடகை கட்ட முடியாமல் அந்த வழிக்குள் தள்ளப்படுகிறவர்களைப் பற்றித்தான் என் கவலை.

ஆகவே தொடங்க நினைப்பவர் வேலையையும் பள்ளியையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, சுற்றியுள்ள துறைகளில் குடியிருக்க அனுமதி உண்டா, எத்தனை அடிப் படகை ஏற்பார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கட்டும். அந்த அளவுக்குள் அடங்கும் படகைத் தேடட்டும். பிடித்த படகு அகப்பட்டதும், விற்பவர் காட்டும் பழைய அறிக்கையை நம்பாமல், தாமே ஓர் ஆய்வாளரை அமர்த்திப் படகை நீரிலிருந்து ஏற்றச் சொல்ல வேண்டும். அவர் அடித்தகட்டைச் சுத்தியலால் தட்டி, மீயொலிக் கருவியை இடம் இடமாக வைத்துக் கனத்தை அளப்பார். எங்காவது 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்கும். காப்பீடு இல்லையென்றால் உரிமமும் இல்லை.