முக்கொம்பிலிருந்து கல்லணை வரை

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே பதினோரு மைல் போனால் முக்கொம்பு வருகிறது. ஆடிப்பெருக்கன்று கட்டுச்சாதமும் குழந்தைகளுமாக அங்கே வந்து இறங்கும் ஜனங்கள் காவிரியின் அகலத்தைக் கண்டு ஆனந்தப்படுகிறார்கள். தூண்டிலோடு வருகிறவனுக்கோ அந்த அகலத்துக்குள்ளே ஜலம் எங்கே ஓடுகிறது, எங்கே தயங்குகிறது என்பதுதான் விசேஷம். கொள்ளிடத்துப் பக்கமே வெள்ளமெல்லாம் சாய்ந்து, காவிரி மணல்மேடிட்டுப் போவதைத் தடுப்பதற்காக 1836-இல் ஆர்தர் காட்டன் மேலணை கட்டத் தொடங்கிய இடம் இது. இங்கே இரண்டாகப் பிரிந்த ஆறு ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டுக் கல்லணையருகே மறுபடி நெருங்கி வருகிறது. அந்த இரண்டு அணைகளுக்கும் இடைப்பட்ட கரையில்தான் நான் தூண்டில் பிடிக்கப் பழகினேன்.

பழக்கியவர் ஒரு படித்துறைப் பெரியவர். அவர் என் கையில் கொடுத்தது எட்டடி மூங்கில் கழி, ஏறக்குறைய அதே நீளத்துக்கு நைலான் நரம்பு, சிறிய முள், மிளகளவு ஈயம், மிதப்புக்கு ஒரு மயிலிறகுத் தண்டு, கொட்டாங்கச்சியில் ஈரமண்ணோடு மண்புழு, இவ்வளவுதான். கடைகளில் ரீல் வைத்த தூண்டில்கள் பளபளவென்று தொங்குகின்றன. அவற்றை இரண்டாம் வருஷம் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கே போடுவது என்று நான் கேட்டபோது, பெரியவர் பதில் சொல்லாமல் ஒரு வைக்கோல் துரும்பை ஓட்டத்தில் போட்டார். அது விரைந்து போய், படித்துறையின் கடைசிக் கல்லைத் தாண்டியதும் முகம் திரும்பி, அந்தக் கல்லின் மறைவிலே மெல்ல வட்டமிட்டு நின்றது. "துரும்பு நிக்கிற இடத்துலதான் இரையும் நிக்கும் தம்பி, அங்கே போடு" என்றார். அதன் பிறகு எத்தனையோ பாலத் தூண்களின் பின்புறத்திலும், நாணல் புதர் ஓரங்களிலும், வாய்க்கால் ஆற்றில் வந்து விழும் முகங்களிலும் நான் துரும்பு போட்டுப் பார்த்திருக்கிறேன். அது ஏமாற்றிய நாட்கள் சொற்பம்.

மயிலிறகுத் தண்டைப் படிக்கவும் பழக வேண்டும். அது படபடவென்று நடுங்கினால் பொடிக் கெண்டைகள் புழுவைக் கொறிக்கின்றன. அவசரப்பட்டுச் சுண்டினால் வெறும் முள்தான் வரும். நிமிர்ந்து நின்ற தண்டு திடீரென்று ஜலத்தின்மேல் படுத்துவிட்டால், அடியில் கிடந்த இரையைப் பெரிய கெண்டை ஒன்று வாயில் கவ்வித் தூக்குகிறது என்று அர்த்தம். ஒரே இழுப்பில் அடியோடு அமிழ்ந்து போனால் கெளுத்தியாக இருக்கலாம். அதைப் பிடித்த சந்தோஷத்தில் வெறுங்கையால் இறுக்கிப் பற்றி, செவுளோரத்து முள் உள்ளங்கையில் இறங்கி, இரவு முழுவதும் விண்விண்ணென்று வலிக்க நான் விழித்திருந்த அனுபவம் உங்களுக்கு வேண்டாம். ஈரத்துணியால் மூடிப் பிடியுங்கள்.

வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து, சில தினங்களில் புதுநீர் கல்லணைக்கு வந்து சேர்கிறது. கலங்கிய அந்த நீரில் கண்ணால் இரை தேடும் மீன்கள் திகைக்கும். மீசையால் மோப்பம் பிடிக்கும் கெளுத்திக்கோ அதுவே விருந்துக்காலம், ஆகவே மண்புழுதான் உத்தமம். நீர் தெளிந்தபின் கோதுமை மாவு உருண்டையும் எடுபடும். சினையோடு பிரவாகத்தை எதிர்த்து ஏறும் மீன் அகப்பட்டால் விட்டுவிடுங்கள். வாய்க்காலின் பாசி ஓரத்தில் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று மிதந்தால், அதற்கு அடியில் தாய் தகப்பன் விரால்கள் காவலிருக்கின்றன. அங்கேயும் தூண்டில் போடுவது தர்மமல்ல.

கல்லணையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கரிகாலன் பெயரோடு விளங்கும் அந்த அணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நான்கு முகமாக ஜலம் பிரிவதைப் பாலத்தின் மேலிருந்து கண்குளிரப் பாருங்கள். ஆனால் மதகுகளுக்குக் கீழே நின்று தூண்டில் வீசாதீர்கள். ஷட்டர் உயர்ந்தால் முழங்கால் ஜலம் கழுத்தளவாக அதிக நேரம் ஆகாது. குளங்களில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் இருப்பார். அவரைக் கேட்டுக்கொண்டு உட்காருவதே மரியாதை. கொள்ளிடத்தில் முதலைகளும் உண்டு என்பதால், ஊராரை விசாரிக்காமல் அங்கே காலை நனைக்க வேண்டாம்.

கோடையில் கொள்ளிடம் வெண்மணலாகக் கிடக்கும். நடுவே நீலமாக இரண்டொரு மடுக்கள். சாயங்காலம் கரையிலிருந்து பார்த்தால் அந்த மடுக்களின் ஓரத்தில் கொக்குகள் அசையாமல் நிற்பது தெரியும். அவை நிற்கும் இடங்களை மனத்தில் குறித்துக்கொண்டு, ஊராரையும் கேட்டு வைத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் வாருங்கள். அன்றைக்கு மட்டும் துரும்பு தேவைப்படாது.