தாய்ப்பலகை மாற்றிய விருத்தாந்தம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கக் காரியாலயத்துக் கம்ப்யூட்டர் சென்ற மாதம் செயலற்றுக் கிடந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். 2012-ம் வருஷத்தில் வாங்கிய அவ்வியந்திரத்தில் அங்கத்தினர் ஜாபிதாவும், கல்வி நிதியினின்று உதவி பெற்ற பிள்ளைகளின் கணக்கும் அடங்கியிருந்தன. அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. இது நம்முடைய பெரும் பிழையென்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம். இவ்வருஷத்துப் பிள்ளைகள் காலேஜ் சம்பளம் கட்டவேண்டிய கெடுவோ நெருங்கியிருந்தது.

கடைக்காரர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் மூடியைத் திறந்தும் பாராமல், "பழைய சாமான், தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார். பாராமல் உரைத்த அத்தீர்ப்பை நாம் அங்கீகரிக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு யந்திரத்தில் மாட்டிப் பார்த்தோம். அது நலமாகவே இருந்தது. உடனே முழுவதையும் பிரதி எடுத்தோம். ஆயினும் அக்கணக்கைத் திறக்கும் மென்பொருள் அந்நாளில் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தது; அதனை மீண்டும் பதிக்கும் தகடு காணாமற் போயிற்று. ஆதலால் பழைய யந்திரமே எழுந்து நடந்தாலன்றிக் கணக்கு நமக்குப் பயன்படாது.

நிற்க. நோய் எவ்வுறுப்பிலென்று அறிய வேண்டுமே! விசிறி சுழன்றது, திரையில் ஒன்றும் தோன்றவில்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றிப் பார்த்தோம்; ராம் பலகைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினோம்; சி.ஆர். 2032 என்னும் வட்ட பாட்டரியையும் புதிதாக இட்டோம். பயனில்லை. பின்பு விளக்கை அருகிற் பிடித்து நோக்குங்கால், பிராசஸருக்குப் பக்கத்திலிருந்த கெப்பாசிட்டர்கள் மூன்று தலை உப்பி நின்றன. ஆகவே மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையே குற்றவாளியென்று துணிந்தோம்.

நம்முடைய பிராசஸர் 2011-ல் வெளிவந்த கோர் ஐ3-2100. அதற்கு 1155 முனைகளுள்ள ஸாக்கெட் வேண்டும். அவ்வகையில் எச் 61 பலகையொன்று கிடைத்தது. பழைய ராம் டி.டி.ஆர். 3 வகை, டி.டி.ஆர். 4 பலகையில் அது நுழையவே நுழையாது, இடையிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். மூன்றாந் தலைமுறைப் பிராசஸர் வைத்திருப்போர், எச் 61 பலகையின் பயாஸ் அதனை ஏற்குமாவென்று விசாரித்தே வாங்குக.

இவ்வேலையில் நாம் மிகவும் அஞ்சியது ஸாக்கெட்டின் முனைகளுக்கே. அவை மயிரினும் மெல்லியவை. முன்னொரு முறை விடுதி யந்திரத்தில் விரல் பட்டு நாலைந்தை வளைத்து, நல்ல பலகையொன்றைப் பாழாக்கியது நமது கையேயாம். அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை. ஆகையால் இம்முறை கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, பிராசஸரை ஓரங்களிற் பிடித்து, அதன் பள்ளங்களை ஸாக்கெட்டின் மேடுகளோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தோம். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் பட்டாணியளவு புதிது இட்டோம். கேபினட்டில் பலகையைத் தாங்கும் பித்தளைக் கால்களுள் ஒன்று, புதிய பலகையில் துளையில்லாத இடத்தில் நின்றது. அதனைக் கழற்றாது விட்டிருந்தால் அடியில் உராய்ந்து ஷார்ட் ஆகியிருக்கும்.

ஸ்விச்சைப் போட்டோம். விசிறி சுழன்றது, திரை இருண்டே கிடந்தது! பழைய நோயே திரும்பியதென்று உடனிருந்த காரியதரிசி தலையிற் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பார்த்தால், இருபத்துநான்கு துளைப் பெருங்கம்பியை மாட்டிய நாம், பிராசஸருக்கென்று தனியே வரும் நான்கு துளைச் சிறுகம்பியை மறந்திருந்தோம்.

அதை மாட்டியதும் திரை விழித்தது. ஆனால் விண்டோஸ் 7 பாதி எழுந்து, நீலத் திரையில் 0x0000007B என்னும் எண்ணைக் காட்டி விழுந்தது. இஃது ஹார்ட் டிஸ்க்கின் குற்றமன்று. பழைய பலகையில் ஸாட்டா முறை ஐ.டி.இ. என்று அமைந்திருந்தது, புதியது ஏ.எச்.சி.ஐ. என்றிருந்தது. பயாஸில் அதனை ஐ.டி.இ. என்று மாற்றியபின் யந்திரம் எழுந்தது. ஜாபிதாவும் கணக்கும் ஒரு வரி குறையாமல் திறந்தன. யந்திரத்தோடு சேர்த்து விற்கப்படும் விண்டோஸின் உரிமை பழைய பலகையோடு முடிவதுண்டு. நம்முடையது தனியே விலைக்கு வாங்கியதாகையால் அத்தொல்லை நேரவில்லை.

புதிது வாங்குவதே உத்தமம் என்று வாதிப்போர் கூற்றிலும் நியாயமுண்டு. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ந் தேதியோடு நின்றன; விண்டோஸ் 11-ஐ ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலில் நம்முடையது இல்லை. ஆதலின் இன்டர்நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டோம். கணக்குக்கு மாத்திரமே அவ்வியந்திரம் இனி உழைக்கும்.

உதவித்தொகைக்குரிய பிள்ளைகளின் பட்டியல் நேற்று அச்சிடப்பட்டுக் காரியதரிசியிடம் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பெற்றோர்கள் தத்தம் பிள்ளைகளின் பெயரும் தொகையும் சரியாக இருக்கின்றனவா என்று வந்து பார்த்துக் கையெழுத்திடக் கோருகிறோம். பிரதியடங்கிய இரண்டு டிஸ்க்குகளில் ஒன்று பொக்கிஷதாரர் வீட்டுப் பீரோவில் வைக்கப்பட்டிருக்கிறது.