பார்ப்பவருக்கும் வழக்காடும் உரிமை

அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் 1953-ல் தொடங்கிய உள்ளூர்த் தொலைக்காட்சி டபிள்யூ.எல்.பி.டி., என்.பி.சி. வலையமைப்பின் நிகழ்ச்சிகளை ஊருக்குத் தந்தது. 1955-ல் கறுப்பின வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் திரையில் பேச வந்ததும் படம் நின்றது. 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்று ஓர் அட்டை! கோளாறெல்லாம் இல்லை, வேண்டுமென்றே நிறுத்தினார்கள். அந்தப் பகுதியில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள் கறுப்பினத்தவர் என்பதை நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

1964-ல் எவரெட் பார்க்கர் என்ற பாதிரியார், தன்னார்வலர்களைக் கொண்டு ஒரு வாரம் ஒளிபரப்பைக் குறிப்பெடுத்து முறையிட்டார். பார்ப்பவருக்கு வழக்காட உரிமையில்லை என்றது ஒளிபரப்பு உரிமம் வழங்கும் அரசு ஆணையம். உண்டு என்று 1966-ல் தீர்ப்பளித்த நீதிமன்றம், 1969-ல் நிலையத்தின் உரிமத்தையும் ரத்து செய்தது. 1972-ல் அதே நிலையத்தின் பொது மேலாளராக வந்தவர் வில்லியம் டில்டே, ஒரு கறுப்பினத்தவர்.