உச்சிவானில் ஒளிரும் உயிரற்ற கோள்கள்



வானில் கண்சிமிட்டுவன எல்லாம் விண்மீன்கள் அல்ல. ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலைகொண்ட செயற்கைக்கோள், செயலிழந்தபின் கட்டுப்பாடின்றி உருள்கிறது. அதன் தட்டைப் பரப்பு கதிரவனொளியைக் காண்போர் பக்கம் திருப்பும் நொடியில் பளிச்சிடும், மறுநொடி இருள். திகிரியில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு சுற்றுக்கொருமுறை மின்னுவதைப் பீங்கான் ஊரினர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

1997 சனவரியில் செயலிழந்த அமெரிக்காவின் டெல்ஸ்டார் 401, ஆர்வலர்க்கு நன்கு பழகிய ஒன்று. பைனாகுலரும் நிறுத்துக்கடிகாரமுமே அவர்தம் கருவிகள். பளிச்சீடுகளின் இடைவெளி சுழற்சியைக் காட்டும். இத்தகைய கோள்களில் அவ்விடைவெளி ஆண்டுகள் செல்லச்செல்ல மாறுவதும் உண்டு. கதிரவனொளியின் மெல்லிய அழுத்தமே அவற்றின் சுழற்சியை மாற்றுகிறது.

விருத்தாசலத்திற்கு இதில் தனி உரிமை ஒன்றுண்டு. புவியின் வடிவம் சீரற்றதாகையால், கைவிடப்பட்ட கோள்கள் பல கிழக்கு நெட்டாங்கு 75 பாகையை நடுவாகக் கொண்டு ஊசலாடுகின்றன. இவ்வூர்க்கு அது ஏறக்குறைய உச்சிவானம், சற்றே தென்மேற்கு. அதனருகே, 74 பாகையில் நிறுத்தப்பட்ட இன்சாட் 1ஏ, 1982 ஏப்ரலில் ஏவப்பெற்றுச் செப்டம்பரிலேயே எரிபொருள் தீர்ந்து ஓய்ந்தது.

புதுக்கவிதையில் செயற்கைக்கோள் வெறும் உவமையாக வந்துபோகிறது, பார்த்தெழுதியவர் அரியர். நிலவற்ற இரவொன்றில் மணிமுத்தாற்று மணலில் மல்லாந்து, பைனாகுலருடன் பொறுத்திருங்கள். பளிச்சிட்டால், முதலில் நேரத்தைக் குறியுங்கள். கவிதை பிறகு வரட்டும்.