சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள்!



சமுதாயக் கல்லூரியில் கணினியோ, தையலோ, ஏ.சி. மெக்கானிக் வேலையோ கற்றுச் சான்றிதழ் பெற்றிருக்கிறீர்கள். மகிழ்ச்சி! ஆனால், படிப்பு அத்தோடு முடிந்துவிட்டதா? இல்லை. பகலெல்லாம் கடையில் நிற்பவரும் பட்டதாரி ஆகலாம். 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதற்காகவே இருக்கின்றன.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் தேறாமல், திறந்தநிலையில் நேரடியாக வாங்கும் பட்டம் தமிழக அரசுப் பணிக்குச் செல்லாது. 2009ஆம் ஆண்டு அரசாணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. இது தெரியாமல் சேர்ந்தால் மூன்று ஆண்டு உழைப்பும் கட்டிய பணமும் என்னாவது? எனவே, விட்டுப்போன வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறுங்கள். பிறகு பட்டப் படிப்பில் சேருங்கள். பணம் கட்டுமுன், அந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத்தை நம்பி ஏமாறாதீர்கள்.

வணிகப் பெருமக்களே! உங்கள் கடைப் பையன் தேர்வு எழுதும் நாளில் சம்பளத்தோடு விடுப்புக் கொடுங்கள். விடுமுறை நாள் வகுப்புக்கு அவனை அனுப்பி வையுங்கள். நாளை அவன் உங்கள் கணக்கையும் பார்ப்பான். சமுதாயத்தின் கணக்கையும் நேர் செய்வான்!